விஎம்முக்கு (விர்ச்சுவல் மெஷினுக்கு) ஐபி வரவில்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

ஜூரோங் ஈஸ்ட் தம்பி: அண்ணே, ஓப்பன்ஸ்டாக் கிளவுட்டில் புதிதாக ஏற்றிய உபுண்டு விஎம்முக்கு ஐபியே வரவில்லை. மூன்று தடவை ரீபூட் செய்துவிட்டேன்.

ரீபூட் செய்தது போதும் தம்பி. ஐபியைத் தானாக வழங்கும் முறைக்கு டிஹெச்சிபி என்று பெயர். அதில் ஐபி கேட்கும் விஎம் 'டிஸ்கவர்' அனுப்பும், சர்வர் 'ஆஃபர்' தரும், பிறகு 'ரிக்வெஸ்ட்', 'ஏக்'. இந்த நாலில் எது காணோம் என்று பாருங்கள். விஎம் ஓடும் சர்வரான கம்ப்யூட் நோடில், அந்த விஎம்மின் டேப் இன்டர்ஃபேஸில் (அதன் மெய்நிகர் கேபிள் முனையில்) பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓடவிட்டு, யூடிபி 67, 68 போர்ட்களைக் கவனியுங்கள். அங்கே டிஸ்கவரே இல்லையென்றால் கோளாறு விஎம்முக்குள். அங்கே தெரிந்து, டிஹெச்சிபி சர்வரான டிஎன்எஸ்மாஸ்க் ஓடும் நேம்ஸ்பேஸுக்கு (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதிக்கு) வந்து சேரவில்லையென்றால் நடுவில் நோடுகளை இணைக்கும் விலேனோ விஎக்ஸ்லேனோ அறுந்திருக்கிறது.

உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அக்கா: என் விண்டோஸ் விஎம் 169.254 என்று தொடங்கும் ஐபி காட்டுகிறது. கிளவுட் கொடுத்ததா?

இல்லைக்கா. டிஹெச்சிபி பதில் வராததால் விண்டோஸ் தானாகவே வைத்துக்கொண்டது. 169.254.169.254 மட்டும் வேறு விஷயம். அது விஎம் தன்னைப் பற்றிய விவரங்களைக் கிளவுட்டிடம் கேட்கும் மெட்டாடேட்டா முகவரி, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பாலிடெக்னிக் மாணவி: விஎம்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து இரண்டு உபுண்டு விஎம் குளோன் செய்தேன். மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வேறுவேறு, ஐபி மட்டும் ஒன்று. எப்படி சார்?

நல்ல கேள்விம்மா. இதே கோளாறில் நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருக்கிறேன். யாருக்கு எந்த ஐபி கொடுத்தோம் என்று டிஹெச்சிபி சர்வர் வைத்திருக்கும் லீஸ் பட்டியலில் ஒரே ஒரு வரி. அதில் மேக் முகவரி மட்டும் நிமிஷத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் புரிந்தது: உபுண்டு சர்வர் ஐபி கேட்கும்போது மேக்கைத் தன் அடையாளமாகச் சொல்லாமல், மெஷின்-ஐடியிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைச் சொல்கிறது. குளோன் செய்தால் அந்த ஐடியும் சேர்ந்தே நகலாகிவிடும். சர்வருக்கு இரண்டும் ஒரே ஆள்தான்.

டெம்ப்ளேட்டை மூடுவதற்கு முன் ஈடிசி அடைவில் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்யுங்கள். கோப்பு இருக்கட்டும், உள்ளே எதுவும் இருக்கக் கூடாது. அடுத்த பூட்டில் புது ஐடி பிறந்துவிடும். ஏற்கெனவே ஓடும் விஎம்களிலும் இதைச் செய்து ரீபூட் செய்யுங்கள். அவசரமென்றால் உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளானில் டிஹெச்சிபி அடையாளத்தை மேக் என்று மாற்றலாம். ஆனால் டெம்ப்ளேட்டைச் சரிசெய்வதுதான் முறை.

தெம்பனிஸ் அன்பர்: ஓப்பன்ஸ்டாக் விஎம்முக்குள் ஐபியை நானே மாற்றினேன். பிங் நின்றுவிட்டது.

போர்ட் செக்யூரிட்டி தடுக்கிறது. போர்ட்டில் பதிவாகாத ஐபியிலிருந்து கிளம்பும் பாக்கெட்டை அது வெளியே விடாது. ஐபியை ஓப்பன்ஸ்டாக்கின் நெட்வொர்க் பகுதியான நியூட்ரானில், அந்த விஎம்மின் போர்ட்டில் மாற்றுங்கள்.

ஜூரோங் ஈஸ்ட் தம்பி: அண்ணே, டேப்பில் டிஸ்கவர் தெரிகிறது, நேம்ஸ்பேஸில் இல்லை. விலேன் நெட்வொர்க்தான், கம்ப்யூட் நோடு போன வாரம் சேர்த்தது.

அப்படியென்றால் அந்த நோடு செருகியிருக்கும் ஸ்விட்ச் போர்ட்டின் டிரங்கில் (பல விலேன்களைச் சுமக்கும் இணைப்பில்) உங்கள் விலேன் எண்ணை அனுமதித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.