உரோமானிய வெள்ளிக் காசில் சாமியும் பூசாரியும்: கேள்வி பதில்

கேள்வி: குதிரைமேல் இருவர், தலைக்கு மேல் நட்சத்திரங்கள். இவர்கள் யார்?

பதில்: காஸ்டர், போலக்ஸ் என்ற இரட்டையர். போரில் உரோமுக்குத் துணை வந்தவர்கள் என்று நம்பினார்கள். கி.மு. 211 வாக்கில் தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு புழக்கத்துக்கு வந்தபோது பின்பக்கத்தில் இருந்தது இவர்கள்தான்.

கேள்வி: உரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காசின் பின்பக்கம் இரண்டு பையன்கள், நடுவில் கேடயங்கள். மேலே கரண்டி மாதிரி ஒன்று, வளைந்த கோல் ஒன்று. கரண்டி எதற்கு?

பதில்: பலரும் முகத்தைப் பார்த்துவிட்டுக் காசை வைத்துவிடுவார்கள், நீங்கள் சரியான இடத்தைப் பார்த்திருக்கிறீர்கள். பையன்கள் அகஸ்டஸின் பேரர்கள், கேயஸும் லூசியஸும். கரண்டி, பூசையில் மதுவை முகந்து வார்ப்பதற்கு. கேயஸ் பூசாரிக் குழுவில் இருந்தான் என்று அர்த்தம். வளைந்த கோல் லூசியஸுக்கு: நம்மூர்ப் புள் நிமித்தம் போலப் பறவைகளைப் பார்த்துக் குறி சொல்பவர்களின் கோல் அது. ஆக, அடுத்து ஆளப்போகிறவர்கள் இவர்கள், சாமி காரியமும் இவர்கள் கையில்தான் என்று ஊருக்கெல்லாம் அறிவிக்கிறார் தாத்தா. (இருவருமே அவருக்கு முன் இறந்துபோனார்கள்.) சில அச்சுகளில் கரண்டியும் கோலும் இடம் மாறியிருக்கும்.

இதற்கு வழிகாட்டி, அகஸ்டஸுக்கு முன் உரோமை ஆண்ட ஜூலியஸ் சீசர். கி.மு. 49 வாக்கில் அவர் அடித்த யானைக் காசின் மறுபக்கத்தில் சாமியே கிடையாது. கரண்டி, தீர்த்தம் தெளிக்கும் குஞ்சம், பலிக் கோடரி, பூசாரித் தொப்பி மட்டும்தான். தலைமைப் பூசாரி பதவி கி.மு. 63 முதல் அவரிடம் இருந்தது. உள்நாட்டுப் போர் நேரத்தில் அதைத்தான் முன்னால் நீட்டினார். என் கணக்கில், உரோமானியக் காசுகளில் கடவுள் முகத்தைவிட இந்தப் பூசைச் சாமான்களே அதிகம் பேசுகின்றன.

கேள்வி: மயில்மேல் ஒரு பெண் போகிறாளே, முருகன் தொடர்பு உண்டா?

பதில்: இல்லை. மயில் ஜூனோ தேவியின் பறவை. இறந்து தெய்வமாக்கப்பட்ட அரசியை அது வானுலகுக்குத் தூக்கிச் செல்கிறது. அரசர் என்றால் கழுகு. கி.பி. 140இல் இறந்த மூத்த ஃபாஸ்டினா என்ற அரசிக்கு மயில் போட்ட காசுகள் உண்டு.

கேள்வி: கரூர், கோவைப் பக்கம் அகஸ்டஸ், அவருக்கு அடுத்து ஆண்ட திபேரியஸ் காசுகளே அதிகம் கிடைப்பது ஏன்?

பதில்: கி.பி. 64இல், பின்னால் வந்த பேரரசர் நீரோ, காசின் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்துவிட்டார். நம் வணிகர்களுக்குப் பழைய காசு உயர்ந்ததாகத் தெரிந்தது என்பது ஒரு முக்கிய விளக்கம். திபேரியஸ் காசிலும் அதே கதைதான்: ஒரு பக்கம் ‘தெய்வமான அகஸ்டஸின் மகன்’, மறுபக்கம் ‘தலைமைப் பூசாரி’.

கேள்வி: கருத்துப்போன காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு என்று அக்காலத்திலேயே கள்ளக் காசு அடித்திருக்கிறார்கள். உங்களுடையது அந்த வகையானால் தோல் உரிந்துவிடும். மண்ணில் கிடைத்ததென்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது, முதலில் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள்.