சுற்றாடல் மோசமா இருந்தா மலேரியா எப்படிப் பரவுது? கானும் குப்பையும்தான் காரணமா?

கான் நாறினா மலேரியா வரும் எண்டுதான் எங்கட திருகோணமலையிலயும் நிறையப் பேர் நம்புறாங்க, ஆனா கான் தண்ணியில பெருகுறது கியூலெக்ஸ், அது யானைக்கால் நோயைக் காவுற நுளம்பு. மலேரியாவைக் காவுறது அனோபிலிஸ். எங்கட நாட்டுல முக்கியமானது அனோபிலிஸ் குலிசிபேசிஸ், அதுக்கு வெயில் படுற, ஓடாத, தெளிஞ்ச தண்ணிதான் வேணும்.

நான் வெருகல் பக்கம் வளந்தவன். கோடையில ஆறு வத்தி மணலுக்கு நடுவுல மடு மடுவாத் தண்ணி நிக்கும், கண்ணாடி மாதிரி இருக்கும், அதுலதான் குளிப்பம். குனிஞ்சு பாத்தா குடம்பிகள் தண்ணி மட்டத்தோட படுத்துக் கிடக்கும் (கியூலெக்ஸ் குடம்பி எண்டா தலைகீழாத் தொங்கும்). ஆறு ஓடினா இதெல்லாம் அள்ளுப்பட்டுப் போயிரும். 1934-35ல மழை பொய்ச்சு, கேகாலை, குருநாகல் பக்கம் ஆறுகள் இப்பிடி மடுவாகித்தான் கிட்டத்தட்ட 80,000 பேர் செத்தாங்க.

மழை பொய்க்கிறது எங்கட கையில இல்ல. ஆனா மணல் அள்ளின குழி, செங்கல்லுக்கு மண் வெட்டின கிடங்கு, வாய்க்கால் உடைஞ்சு கசிஞ்சு நிக்கிற தண்ணி, இதெல்லாம் நாங்க செய்யிறது, மழை பெய்ஞ்சு தெளிஞ்சதும் நுளம்பு வந்து முட்டை போட்டுரும்.

அடுத்தது வீடு. இந்த நுளம்பு இரவுலதான் கடிக்கும், கடிச்சிட்டுச் சுவர்ல இருக்கும், அதாலதான் அந்தக் காலத்துல சுவருக்கு மலாத்தியன் எண்ட பூச்சி மருந்து அடிச்சாங்க. எங்கட மண்வீட்டுக்கு அடிக்க வந்தா சட்டி பானை எல்லாத்தையும் முத்தத்துல தூக்கி வைப்பம், அந்த மணம் நாள்கணக்கா நிக்கும். பிறகு பொங்கல் வந்தா அம்மா சுவரை மண் குழைச்சுப் புதுசா மெழுகுவா, அடிச்ச மருந்து அப்பிடியே மூடுப்பட்டுப் போயிரும். மெழுகக் கூடாது எண்டு ஒருத்தரும் அம்மாவுக்குச் சொல்லல்ல, அதை நினைச்சா இப்பவும் ஆத்திரம் வருது. இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழ படுத்த காலத்துல சுவரும் இல்ல, வலையும் இல்ல. தம்பிக்கு அப்பதான் வந்தது, நடுங்கி நடுங்கிப் பல்லுக் கிட்டிக்கொண்டு கிடந்தான். 14 நாள் குளிசையை இடையில விட்டதால, ஈரல்ல ஒளிஞ்சிருந்த கிருமி சில மாசத்தால திரும்பவும் காய்ச்சலைக் கொண்டுவந்தது.

2012க்குப் பிறகு உள்ளூர்ல தொத்தின மலேரியா இல்லாமப் போய், 2016 செப்டம்பர்ல உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு எண்டு அறிவிச்சது. ஆனா அனோபிலிஸ் ஸ்டீபன்சி எண்ட புது நுளம்பை மன்னார்ல கண்டுபிடிச்சிருக்கிறாங்க, அதுக்கு ஆத்து மடு தேவையில்ல, வளவுக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும். கிருமியோட வெளிநாட்டுல இருந்து ஆக்கள் வந்துகொண்டுதான் இருக்கிறாங்க. அதால கிணத்துக்கு வலை போடுங்க, இந்தியா, ஆபிரிக்கா போயிட்டு வந்தவங்களுக்குக் காய்ச்சல் எண்டா டெங்குவோட விடாம மலேரியாவுக்கும் ரத்தம் பாக்கச் சொல்லிக் கேளுங்க.