நெட்ஹேக் தெய்வங்களிடம் எப்போது வேண்டுவது? கேள்வி பதில்

1987ஆம் ஆண்டு வெளிவந்து இன்றும் விளையாடப்படும் நெட்ஹேக் என்னும் நிலவறைக் கணினி ஆட்டத்தைக் கொழும்பில் விளையாடும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளில், தெய்வ வழிபாட்டைப் பற்றியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: ஆட்டம் தொடங்கியவுடனேயே வேண்டினேன்; தெய்வம் கோபித்துக்கொண்டது. ஏன்?

ஆட்டம் தொடங்கும்போது உங்கள் வேண்டுதலுக்குரிய காத்திருப்பு எண் பொதுவாக 300 ஆக இருக்கும். அது சுற்றுக்கு ஒன்றாகக் குறைந்து வரும். பெரிய ஆபத்தில் இருப்பவருக்கு அது 200 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலே போதும். சிறிய துன்பத்துக்கு 100க்குள் வந்திருக்க வேண்டும். துன்பமே இல்லாதவருக்கோ சுழியமாக வேண்டும். உயிர்ப்புள்ளி ஐந்துக்கு மேற்படாமலோ, முழு அளவில் ஏழில் ஒரு பங்குக்கு மேற்படாமலோ இருந்தால் அது பெரிய ஆபத்து. பசியால் தளர்ந்து போவதும் அப்படியே. வெறும் பசி சிறிய துன்பம். வேண்டுதல் பலித்ததும் இந்த எண் புதிதாகத் தற்செயலாய் அமைவதால், அடுத்த வேண்டுதலுக்கு ஏறத்தாழ 1000 சுற்று காத்திருப்பதே என் வழக்கம். சுற்று எண்ணை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கை: காத்திருந்துதான் வேண்டினேன், ஆனாலும் தண்டனைதான் கிடைத்தது. முன்னர் என் நாயைத் தவறுதலாகக் கொன்றிருந்தேன். அதுதான் காரணமா?

ஆம், தங்கச்சி. வளர்ப்பு விலங்கைக் கொன்றால், ஆட்டம் மறைவாக எண்ணி வைக்கும் உங்கள் அதிர்ஷ்டம் ஐந்து குறையும்; அதிர்ஷ்டம் சுழியத்துக்குக் கீழே இருக்கும்வரை எவ்வளவு காத்திருந்தாலும் வேண்டுதல் பலிக்காது. அதிர்ஷ்டக் கல் போன்ற எதுவும் கையில் இல்லாதபோது அது 600 சுற்றுக்கு ஒன்று வீதம் மீளும் என்பதால், ஐந்தும் நீங்க ஏறத்தாழ 3000 சுற்று ஆகும். இதை நான் குறையாகக் கருதவில்லை. நம்மை நம்பிப் பின்தொடர்ந்து வந்த உயிரைக் கொன்றவனுக்கு வரம் எளிதில் கிடைக்காமல் இருப்பதே இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி. அந்த நாயின் உடலைப் பலிபீடத்தில் படைத்துப் பிராயச்சித்தம் தேட மட்டும் முயலாதீர்கள். தெய்வம் மகிழாது, அரக்கர்கள் உங்களை நோக்கி ஈர்க்கப்படும் சாபமும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும்.

தெஹிவளையிலிருந்து: எந்த உடலையும் பலியிடலாமா?

கொல்லப்பட்டு 50 சுற்றுக்கு மேற்படாத உடலாக இருக்கட்டும். உங்கள் நெறிக்குரிய, அதாவது உங்கள் தெய்வத்துக்குரிய, பீடமாகவும் இருக்கட்டும். பலி முதலில் தெய்வக் கோபத்தைத் தணிக்கும். கோபம் இல்லையென்றால் உங்கள் தீவினையையும், அதன்பின் காத்திருப்பு எண்ணையும் குறைக்கும். எல்லாம் தீர்ந்த பிறகே அரிய ஆயுதம் பரிசாகக் கிடைக்கும் வாய்ப்பு வரும். முதல் பரிசுக்கு அது பத்தில் ஒன்று. ஆகையால் நேர்த்திக்கடன் தீர்ப்பதைப் போலப் பொறுமையாகச் செய்யுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: பீடத்துக்கு வேறு பயன் உண்டா?

உண்டு. பொருளை அதன்மேல் வைத்தால், அது சபிக்கப்பட்டதா ஆசீர்வதிக்கப்பட்டதா என்பது மின்னலின் நிறத்தில் தெரிந்துவிடும். தண்ணீர்க் குப்பிகளை வைத்து, வேண்டுதல் பலிக்கும் வேளையில் வேண்டினால் அவை தீர்த்தமாகும்.

வத்தளையிலிருந்து: ஆட்டத்தின் நரகமான கெஹெனோமில் உயிர் போகும் நிலையில் வேண்டலாமா?

கூடாது. அங்கே தெய்வத்தின் கை எட்டாது. வேண்டுவது கோபத்தை மட்டுமே தரும்.

அதே நண்பர்: ஆட்டத்தை வெல்லத் தெய்வத்துக்குப் படைக்க வேண்டிய யெண்டோர் தாயத்தை எங்கே படைப்பது?

ஆட்டத்தின் இறுதித் தளமான விண்ணுலகத் தளத்தில் மூன்று உயர் பீடங்கள் உள்ளன. உங்கள் தெய்வத்துக்குரியது எதுவென்று உறுதி செய்த பிறகே தாயத்தை வையுங்கள். வேறொரு தெய்வத்தின் பீடத்தில் வைத்தால், அத்தெய்வம் உங்கள் தெய்வத்தை வீழ்த்த, ஆட்டம் வெற்றியின்றியே முடியும்.