விமானம் பிந்தினால் யாரைப் பிடிப்பது? கேள்வி பதில்

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்க நெருங்க, ஊருக்கு வருகிறவர்களின் விமானக் கதைகளும் வந்து குவிகின்றன. யாழ்ப்பாணத்தில் பயண முகவர் நிலையமொன்றில் நெடுங்காலம் டிக்கெட் எழுதியவன் என்பதால் இவற்றை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். விமானம் பற்றிக் கேளுங்கள். விசா, சுங்கம், நகை பற்றி வேண்டாம்.

லா சப்பல் வாசி, பாரிஸ்: ஐயா, நானும் மனைவியும் இரு பிள்ளைகளும் வளைகுடா நிறுவனமொன்றில் வந்தோம். பாரிஸில் இயந்திரக் கோளாறு என்று சுணங்கியதில் இணைப்பு விமானம் போய்விட்டது. கட்டுநாயக்காவில் ஒன்பது மணி நேரம் பிந்தி இறங்கினோம். வீட்டுக்கு வந்தபோது தம்பியின் தாலிகட்டு முடிந்து, பந்தியும் முடிந்து, வாடகைக் கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் ஆளுக்கு நூறு யூரோ வவுச்சர் தருகிறதாம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்களுக்குச் சேரவேண்டியது ஆளுக்கு 600 யூரோ. பிள்ளைகளுக்கும் காசு கொடுத்து ஆசனம் எடுத்திருந்தால் நால்வருக்கும் 2,400.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி, ஒன்றிய நாட்டிலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் பொருந்தும். வளைகுடா நிறுவனம் என்பதால் விலக்கு இல்லை. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தினால் முழுத்தொகை. மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் என்றால் பாதியாகக் குறைக்கலாம். கணக்கெடுப்பது கடைசியாக இறங்கும் இடத்தில், அதுவும் விமானத்தின் கதவு திறந்த நேரத்தை வைத்து. சக்கரம் தரையைத் தொட்ட நேரம் செல்லாது. 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இது.

"இயந்திரக் கோளாறு எங்கள் கையில் இல்லை" என்று பதில் எழுதுவார்கள். வழமையான கோளாறு, நட்டஈட்டிலிருந்து விலக்குத் தரும் அசாதாரண நிலை ஆகாது என்று அதே நீதிமன்றம் 2008இலேயே தீர்த்துவிட்டது. வவுச்சரை நீங்கள் கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டால்தான் காசுக்குப் பதிலாகத் தரலாம். ஆகவே எதிலும் கையொப்பம் வைக்காதீர்கள். பிரான்சில் ஐந்து ஆண்டுகள் வரை உரிமை கோரலாம், அவசரமில்லை. ஆனால் போர்டிங் அட்டைகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்திருக்க வேண்டும். இணையத்தில் மலிவாக இருக்கிறதென்று தனித்தனியாக வாங்கி ஒட்டவைத்திருந்தால், பாரிஸ் விமானம் வளைகுடாவில் எத்தனை மணிக்கு இறங்கியது என்பதோடு கதை முடிந்தது.

ஹரோ, லண்டன்: எனக்கும் அப்படித்தான், ஐந்து மணி நேரம். கிடைக்குமா?

பதில்: காரணம் நிறுவனத்தின் பக்கம் என்றால் 520 பவுண். இங்கிலாந்தில் ஆறு ஆண்டுகள் அவகாசம். ஒரே முன்பதிவு எண்தானே?

ஸ்காபரோ மருமகள்: ரொறன்ரோவிலிருந்து வந்தது பத்து மணி நேரம் பிந்தியது. 600 யூரோவுக்கு யாருக்கு எழுதுவது?

பதில்: பிள்ளை, உங்களுக்கு யூரோ இல்லை. கனடாவுக்குத் தனி விதி, 2019இல் வந்தது. பெரிய நிறுவனம் ஒன்பது மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தினால் 1,000 டொலர். ஆனால் காரணம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும், பாதுகாப்புக்காகச் செய்ததாகவும் இருக்கக்கூடாது. அந்தப் "பாதுகாப்பு" என்ற சொல்லுக்குள் எதையும் நுழைக்கப் பார்ப்பார்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஓராண்டுக்குள் எழுதவேண்டும், 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் சொல்லவேண்டும். இல்லையென்றால் கனேடியப் போக்குவரத்து முகமைக்குப் போங்கள்.

பாரிஸ், இன்னொருவர்: திரும்பிப் போகும்போது கட்டுநாயக்காவில் பிந்தியது. வளைகுடா நிறுவனம். 600 கிடைக்குமா?

பதில்: இல்லை. புறப்பட்டது ஒன்றியத்துக்கு வெளியே, நிறுவனமும் ஒன்றியத்தினுடையது அல்ல.

சுன்னாகம்: அப்பாவின் அந்தியேட்டிக்கு அண்ணாவின் விமானம் ரத்தாகிவிட்டது. கீரிமலைக் கிரியையை ஒரு நாள் தள்ளலாமா?

பதில்: அதை உங்கள் ஐயரிடம் கேளுங்கள். அண்ணாவிடம் மட்டும் சொல்லுங்கள்: ரத்தானால் முழுக்காசையும் திரும்பப் பெறுவதா, மாற்று விமானமா என்று தெரிவு செய்யும் உரிமை ஐரோப்பாவிலிருந்து புறப்படுகிறவருக்கு உண்டு. வரவேண்டியவர் காசைத் திரும்பக் கேட்கக்கூடாது. கேட்டால் மாற்று விமானம் தரும் நிறுவனத்தின் பொறுப்பு அத்துடன் கழிந்துவிடும்.

கொக்குவில்: இந்தக் கட்டுநாயக்காச் சீரழிவு எதற்கு? சென்னை வழியாகப் பலாலிக்கு வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கலாமே!

பதில்: வரலாம், எல்லாம் சரியாக நடந்தால். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. அடுத்த மார்ச்சில் கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில்தான் சென்னைச் சேவை மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோவும் பறக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் வருவது எழுபதுக்கு மேல் கொஞ்சம் ஆசனங்கள் உள்ள ஏடிஆர் என்ற சிறிய விமானம். ஒன்று ரத்தானால் அத்தனை பேரையும் ஏற்ற அடுத்ததில் இடம் இருக்காது. கட்டுநாயக்காவில் நள்ளிரவில் இறங்கினாலும் வான் இருக்கிறது. புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று விடிய வீட்டுக்கு வந்துவிடலாம்.

இணுவில்: ஐயாவுக்கு வான்காரரோடு ஏதோ ஒழுங்கு இருக்கிறது போல!

பதில்: வான்காரர் எனக்கு ஒரு தேநீர்கூட வாங்கித் தந்ததில்லை. உங்கள் டிக்கெட்டைக் காட்டுங்கள், சென்னை வரை ஒன்று, சென்னையிலிருந்து வேறொன்று என்றுதானே இருக்கும்? சென்னையில் பெட்டியை எடுக்க வெளியே வரவேண்டுமானால் இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டு நிறுவனத்தாரும் கைவிரிப்பார்கள்.

சூரிச்: இணுவில்காரர் சொல்வது சரி. நான் பலாலியால் வந்தேன், ஒரு குறையும் இல்லை.

பதில்: நல்லது. ரத்தாகாத நாளில் வந்திருக்கிறீர்கள்.

கொக்குவில்: எங்கள் விமான நிலையத்தை நாங்களே பாவிக்காவிட்டால் எப்படி வளரும்?

பதில்: அது நியாயமான கேள்வி. விடுமுறைக்கு வருகிறவர்கள் தாராளமாகப் பலாலியால் வாருங்கள், திருச்சியிலிருந்தும் 2025 மார்ச் முதல் சேவை இருக்கிறது. மறுநாள் முகூர்த்தம் வைத்திருக்கிறவரை மட்டும் அனுப்ப மாட்டேன்.

வல்வெட்டித்துறை: காங்கேசன்துறைக் கப்பல்?

பதில்: 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் வந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் அதை நம்பி நாகபட்டினத்தில் நிற்பவருக்கு என் அனுதாபம்.

மானிப்பாய்: பெட்டி வந்து சேரவில்லை. கூறைச் சேலை அதற்குள்.

பதில்: விமான நிலையத்தை விட்டு வெளியேற முன்பே முறைப்பாட்டுத் தாளை எழுதி வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள், உடைந்திருந்தால் ஏழு நாட்களுக்குள், எழுத்தில் கோர வேண்டும். சர்வதேச விமானப் பயணத்துக்கான மொன்றியல் உடன்படிக்கையின் கெடு அது. அதுவரை வாங்கிய உடுப்புகளின் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். கூறையைக் கைப்பையில் வைக்கச் சொல்லி எத்தனை மணப்பெண் வீட்டாருக்குச் சொல்லியிருப்பேன்!

நொய்சி லு செக்: ஐயா, வவுச்சர் தருகிறார்கள், வாங்கலாமா?

பதில்: முதல் பதில்.

கோண்டாவில்: முகூர்த்தத்துக்கு எத்தனை நாள் முன்னே வரவேண்டும்?

பதில்: குறைந்தது மூன்று நாள். சோதிடரிடம் நாள் வாங்கும் முன் டிக்கெட் நாளைப் பாருங்கள். எந்த நட்டஈடும் தாலிகட்டைத் திரும்ப நடத்தித் தராது.

உரும்பிராய்: கட்டுநாயக்காவில் வான் எட்டு மணி நேரம் காத்திருந்தது. சாரதி இரட்டிப்புக் காசு கேட்கிறார்.

பதில்: அவர் இரவு முழுக்க வாகனத்துக்குள்ளேயே படுத்திருக்கிறார், பாதியாவது கொடுங்கள். அடுத்த முறை சாரதிக்கு நேரத்தைச் சொல்லாமல் விமான இலக்கத்தைக் கொடுங்கள். கைபேசியிலேயே எங்கே பறக்கிறதென்று பார்த்துக்கொண்டு அதற்கேற்ப வெளிக்கிடுவார். காத்திருப்புக் கூலியை அவர் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.