காத்திருக்கும் மாதங்கள்: வெளிநாட்டு விடுமுறை பற்றிய கேள்வி பதில்

பல ஆண்டுகள் தள்ளிப்போன வெளிநாட்டுப் பயணம் ஒருவழியாக உறுதியானவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இருபது ஆண்டுகளாகப் பிறருக்குப் பயணத் திட்டம் வகுத்துக் கொடுத்துவரும் அனுபவத்தில் பதில் எழுதியிருக்கிறேன். விமானக் கட்டணம் எப்போது குறையும் என்று கேட்டவர்கள் பொறுத்தருள வேண்டும். அது எனக்குத் தெரிந்த வித்தை அன்று.

கேள்வி: புறப்பட இன்னும் ஐந்து மாதங்கள் இருக்கின்றன. இப்போதே நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டேன். இது சிறுபிள்ளைத்தனமா ஐயா?

பதில்: தாராளமாக எண்ணுங்கள். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், விடுமுறைப் பயணம் செல்லவிருந்தவர்கள் புறப்படுவதற்கு முன்பே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது தெரியவந்தது. திரும்பி வந்த பிறகோ, அவர்களில் பெரும்பாலோருக்கும் பயணம் போகாதவர்களுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. ஆகவே இந்த ஐந்து மாதங்களையும் விடுமுறைக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இன்றிரவே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: பாஸ்போர்ட்டை எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். பல நாடுகள் ஆறு மாதங்களாவது மீதமிருக்க வேண்டும் என்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுதிக்கு, அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும். வழங்கப்பட்டுப் பத்து ஆண்டுகள் கடந்திருக்கவும் கூடாது.

கேள்வி: தென்கொரியா செல்கிறேன். போவதற்குள் அந்த மொழியைப் பேசக் கற்றுவிட வேண்டும் என்பது என் இலக்கு. மூன்று மாதங்கள் போதுமா?

பதில்: பேசுவதற்குப் போதாது, படிப்பதற்குத் தாராளம். இலக்கைச் சற்றே மாற்றிக்கொள்ளுங்கள். 1446-இல் மன்னர் செஜோங் அறிவித்த ஹங்குல் எழுத்துமுறையில் அடிப்படை எழுத்துகள் இருபத்து நான்குதான்: பதினான்கு மெய், பத்து உயிர். மெய்யும் உயிரும் கூடி ஓர் அசையாகும் ஏற்பாடு தமிழ் படித்தவருக்கு விளங்காமல் போகாது. எடுத்துக்காட்டாக ‘ஹன்’ என்ற அசையை எழுதும்போது, ஒரு சிறு சதுரத்துக்குள் மேலே ஹகர மெய்யும் அகரமும் அருகருகே நிற்க, அவற்றின் காலடியில் னகர மெய் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு வாரங்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். எஞ்சிய வாரங்களை எண்களுக்கும் பத்துப் பன்னிரண்டு மரியாதைச் சொற்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். சுரங்கரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையை யார் உதவியும் இல்லாமல் நீங்களே வாசிக்கும் நேரத்தில் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு ஈடாக எந்தச் சுற்றுலாத் தலத்தையும் என்னால் சொல்ல இயலவில்லை. பொருள் புரியாவிட்டாலும் பாதகமில்லை.

கேள்வி: பாரிஸில் ஏழு நாட்கள். லூவர் அருங்காட்சியகத்தை முழுவதும் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எத்தனை நாள் ஒதுக்கலாம்?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். அங்கே காட்சிக்கு இருப்பவை சுமார் 35,000. ஒன்றுக்குப் பத்து விநாடி என்று வைத்தாலும் 97 மணி நேரம் ஆகும். ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் நேரமும் கால் கடுத்து உட்காரும் நேரமும் இதில் சேரவில்லை. அரை நாளுக்கு மூன்று கூடங்கள் என்று வரையறுத்துக்கொண்டு, அவற்றில் ஏதேனும் ஒரு படைப்பின் முன் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். லூவர் செவ்வாய்க்கிழமையும் ஓர்சே அருங்காட்சியகம் திங்கட்கிழமையும் மூடியிருக்கும். விடுமுறைக் கிழமையைப் பாராமல் போய், ஓர் அருங்காட்சியகத்தின் சாத்திய கதவின் முன் காலை நேரம் முழுவதையும் தொலைத்தவன் நான். ஆகையால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: பத்து நாட்களில் ஆறு நாடுகள் பார்க்க முடியுமா?

பதில்: ரயில் நிலையங்களைப் பார்க்கலாம். இரண்டு நாடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எட்டு நாட்களில் ஐந்து நாடுகள்?

பதில்: முந்தைய பதிலைப் படிக்கவும். பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதியையும் பார்க்கவும்.

கேள்வி: வடதுருவ ஒளியைக் காண்பதே என் வாழ்நாள் இலக்கு. ஜூன் மாதத்தில் நார்வேயின் ட்ரோம்சோவுக்குப் பதிவு செய்யப்போகிறேன்.

பதில்: செய்யாதீர்கள். அங்கே மே மாதத்தின் பிற்பகுதி முதல் ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. இருட்டு இல்லாமல் அந்த ஒளி கண்ணுக்குப் புலப்படாது. செப்டம்பர் இறுதிக்கும் மார்ச் இறுதிக்கும் இடையில் செல்லுங்கள். அப்போதும் மேகம் மறைத்துவிடலாம் என்பதால், பயணத்தின் ஒரே இலக்காக அதை வைக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, மன்னிக்கவும். ஆண்டு முழுவதும் அலுவலகத்தில் இலக்கு, இலக்கு என்று ஓடிய பிறகு விடுமுறைக்கும் இலக்கா? சும்மா இருப்பதற்குத்தானே விடுமுறை?

பதில்: சும்மா இருப்பது சுகம் என்பதை மறுக்கவில்லை, ஆனால் அது பழக்கமில்லாதவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. எதையும் தீர்மானிக்காமல் போகிறவர் பெரும்பாலும் ஊர் சொல்லும் பட்டியலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறார். காலையில் விடுதி வரவேற்பறையில் இருக்கும் துண்டறிக்கையே அவருடைய அன்றைய எசமானன். நான் சொல்லும் இலக்கு பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அன்று. ஒரு பயணத்தில், தினமும் காலையில் ஒரே பூங்காவின் ஒரே இருக்கையில் அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்பதுதான் என் இலக்காக இருந்தது. மூன்றாம் நாள், இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் என்னைக் கண்டு தலையசைத்தார். ஐந்தாம் நாள் என் காலடி இலைகளை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் கூட்டினார்.

கேள்வி (அதே நண்பர்): நீங்கள் காட்டிய நெதர்லாந்து ஆய்வைத் தேடிப் படித்தேன். திரும்பிய பிறகும் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தவர்கள், பயணம் மிக மிக நிதானமாக அமைந்தது என்று சொன்னவர்கள் மட்டுமே. இது என் கட்சிக்குத்தானே சாதகம்?

பதில்: சரியாகப் பிடித்துவிட்டீர்கள், அந்தப் பகுதியை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆனால் நிதானம் வேறு, திட்டமின்மை வேறு. எங்கே தங்குவது, எப்படிப் போவது என்ற பதற்றம் நாள்தோறும் இருந்தால் நிதானம் எங்கிருந்து வரும்? தங்குமிடத்தையும் போக்குவரத்தையும் முன்கூட்டியே முடித்துவிட்டு, பகல் பொழுதை வெறுமையாக விடுவது நம் இருவருக்கும் உடன்பாடாகலாம்.

கேள்வி (இன்னொருவர்): இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மனைவிக்குப் பட்டியல் வேண்டும், எனக்குச் சும்மா இருக்க வேண்டும். நீங்கள் இருவரும் வாதிடுவதைத்தான் நாங்கள் இரண்டு மாதங்களாக வீட்டில் செய்துகொண்டிருக்கிறோம்.

பதில்: ஒருவருக்கு ஓர் இலக்கு, அதில் மற்றவர் குறுக்கிடக் கூடாது, மதியம் வரை தனித்தனியாக, பிறகு சேர்ந்து. முதல் நாளில் மட்டும் இந்த ஏற்பாடு வேண்டாம். நேர மண்டலங்களைக் கடந்த உடல், புதிய நேரத்துக்குப் பழகத் தோராயமாக ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு ஒரு நாள் வீதம் கேட்கும். நம் உடற்கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம் என்பதால், மேற்கே போவதைவிடக் கிழக்கே போவது கூடுதல் சிரமம். முதல் நாள் மாலையில் எழும் சண்டைகளில் பாதி தூக்கக் கலக்கத்தால் வருபவை.

கேள்வி: 20,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க் எடுத்துச் செல்லலாமா?

பதில்: வழக்கமான 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட்-மணி வருகிறது. பொதுவான வரம்பு 100. கைப்பையில் மட்டும் வைக்கவும். உங்கள் விமான நிறுவனத்தின் விதியையும் பார்த்துக்கொள்ளவும்.

கேள்வி: ஷெங்கன் விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்? என் ஆவணங்கள் போதுமா என்றும் சொல்ல முடியுமா?

பதில்: பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு பதினைந்து நாட்கள். முடிவுக்கு வழக்கமாகப் பதினைந்து நாட்கள், சில வேளைகளில் நாற்பத்தைந்து வரை ஆகும் என்பதால் கடைசி வரம்பை நம்ப வேண்டாம். ஆவணங்களைத் தூதரகத்திடம் கேளுங்கள்.

கேள்வி: ஏழு நாட்களில் நான்கு நாடுகள்...

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: ஐயா, ஐந்து மாதங்களை எண்ணிக்கொண்டிருப்பதாக முதலில் எழுதியவள் நான்தான். நீங்கள் சொன்னபடி நேற்றிரவு பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். நான் திரும்பி வரும் தேதிக்கு ஒன்பது நாட்கள் முன்பே அது காலாவதியாகிறது.

பதில்: பதற வேண்டாம், ஐந்து மாதங்கள் கையில் இருக்கின்றன. இன்றே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். புதிய எண் கைக்கு வரும் வரை விசா விண்ணப்பத்தைத் தொடாதீர்கள். விமானச் சீட்டை ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதிலுள்ள பழைய எண்ணை மாற்ற மறந்துவிட வேண்டாம். பழைய பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் விசா ஏதேனும் இருந்தால் அதையும் பத்திரமாக வைத்திருங்கள். நாட்களை எண்ணுவதைத் தொடரலாம்.