பதில்: வேடர் கருவி எல்லாத்துக்கும் பூஜ்ஜியம் கொடுக்குது

வணக்கம். தமிழை ஆங்கில எழுத்துல எழுதின 2,000 கமெண்ட்டை வேடர்ல (VADER, ஒரு வரியோட உணர்வு நல்லதா கெட்டதான்னு மார்க் போடுற கருவி) ஓட்டினா முக்கால்வாசி 'நடுநிலை'ன்னு வருதுன்னு கேட்டிருந்தீங்க. உங்க கோடுல தப்பு இருக்கிற மாதிரி தெரியல. 2014ல வந்த அந்தக் கருவிக்குள்ள இருக்கிறது ஏறக்குறைய 7,500 ஆங்கிலச் சொற்கள், ஸ்மைலிகள். ஒவ்வொன்றுக்கும் -4 முதல் +4 வரை பத்துப் பேர் போட்ட மதிப்பெண்ணோட சராசரி. 'செம', 'மொக்க' எல்லாம் அதுல கிடையாது. பட்டியல்ல ஒரு சொல்கூட இல்லாத வரிக்கு பூஜ்ஜியம்தான், அதாவது 'நடுநிலை'.

பூஜ்ஜியத்தை விட எனக்குப் பயம் மீதி கால்வாசி மேலதான். "சூப்பர், நல்லா சொதப்பிட்டீங்க"ன்னு ஒருத்தர் எழுதினா, கருவி 'சூப்பர்' ஒன்றை மட்டும் பிடிச்சு பாராட்டுன்னு போட்டுடும். கடைசியில ஆச்சரியக்குறி இருந்தா மார்க் இன்னும் ஏறும்! நம்ம ஆளுங்க நக்கலுக்குத்தான் அதை அதிகம் போடுவாங்க.

முதல்ல 300 கமெண்ட்டைத் தனியா எடுங்க. நீங்களும் நண்பர் ஒருத்தரும், ஒருத்தர் போட்டதை மற்றவர் பார்க்காம, குறி போடுங்க. நல்லது, கெட்டது, நடுநிலைங்கிறதோட 'கலவை'ன்னு ஒரு குறியும் கட்டாயம் வேணும். அப்புறம் கோஹன் கப்பா (ரெண்டு பேர் போட்ட குறி, தற்செயலா ஒத்துப்போறதைக் கழிச்சு, எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிற அளவு) கணக்கிடுங்க. 0.6க்குக் கீழே வந்தா கருவியை நொந்து பயனில்லை, குறி போடுற விதியே தெளிவா இல்லைன்னு அர்த்தம்.

ஒத்து வந்தபிறகு, தமிழ்-ஆங்கிலக் கலப்புக்குன்னே யூடியூப் கமெண்ட்டுகளை வச்சு 2020ல வெளியிட்ட தரவுத்தொகுப்பு இருக்கு. அதுல ஒரு மாடலைப் பழக்கி, உங்க 300லயே சோதிச்சுப் பாருங்க.