சந்தைப் பையில் முதலில் எது?

கேள்வி: எனக்கு வயது 44. கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ஹீமோகுளோபின் 9.4 கிராம் என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. எனக்கு ஓர் ஆண்டாக மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகம். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். மாமியாருக்கு 68 வயது. எலும்பு பலவீனமும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. மகளுக்கு நாள்தோறும் பீட்ரூட் சாறு கொடுத்து வருகிறேன். உறவினர்கள் புரோக்கோலியும் வண்ணக் குடைமிளகாயும் வாங்கச் சொல்கிறார்கள். அந்த விலைக்கு வாரச் சந்தையில் ஒரு பை நாட்டுக்காயே வாங்கிவிடலாம். எங்கள் மூவருக்கும் ஏற்றவை எவை? நான் முட்டைக்கோஸ் சாப்பிடலாமா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, பையை நாட்டுக்காய்களாலேயே நிரப்புங்கள். புரோக்கோலி நல்ல காய்தான். ஆனால் அதிலிருந்து உங்கள் வீட்டுக்கு வேண்டிய எதையும் நம் சந்தைக் காய்களும் கீரைகளும் தராமல் விடுவதில்லை.

முதலில் மகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்த 9.4 என்ற எண்தான். கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தாலே இரத்தசோகை. 8 முதல் 10.9 வரை இருப்பதை மிதமான இரத்தசோகை என்று வகைப்படுத்துகிறார்கள். 'மிதமான' என்ற சொல்லைக் கேட்டு ஆறுதல் கொள்ள வேண்டாம். இந்த நிலையைக் காய்கறியால் மட்டும் சரிசெய்ய முடியாது. மருத்துவர் எழுதித் தரும் இரும்புச்சத்து மாத்திரை கட்டாயம் வேண்டும். காய்கறியின் வேலை, அந்த மாத்திரைக்குத் துணை நிற்பதும், ஏறிய அளவு மீண்டும் இறங்காமல் காப்பதும் ஆகும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. எனவே இது உங்கள் கவனக்குறைவால் வந்தது என்று நீங்கள் மனம் வருந்தத் தேவையில்லை.

பீட்ரூட் சாற்றின் நிறம் இரத்தத்தை நினைவூட்டுகிறது. அதனால்தான் தலைமுறை தலைமுறையாக இந்த நம்பிக்கை தொடர்கிறது. அந்தச் சிவப்பு பீட்டலைன் என்னும் நிறமியால் வருவது. அதற்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. நூறு கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. போலிக் அமிலம் அதில் உண்டு என்பதால் அதை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் சாறாக்காமல் பொரியலாகச் செய்யுங்கள், நார்ச்சத்தும் வீணாகாது. நூறு கிராம் முருங்கைக்கீரையில் ஏறத்தாழ நான்கரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் வறண்ட செம்மண்ணிலும் முருங்கை தானாக வளரும். பின்கட்டில் ஒரு போத்து நட்டு வைத்தால் விலை கொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை. அதனோடு அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மகளின் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. தாவர உணவிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்வதே அரிது என்பதைக் கணக்கில் கொண்டுதான் அளவு இவ்வளவு உயர்வாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே எந்தக் கீரை என்பதைப் போலவே, அதனோடு எதைச் சேர்த்து உண்கிறோம் என்பதும் முக்கியம். வைட்டமின் சி உடனிருந்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். தேநீரும் காபியும் அதைத் தடுக்கும். ஏகாதசி விரதம் முடித்துத் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையோடு நெல்லிக்காயையும் இலையில் வைப்பதை நினைத்துப் பாருங்கள். அந்த இணையை எக்காரணத்தால் அமைத்தார்களோ, கீரைக்கு நெல்லி மிகப் பொருத்தமான துணை. அந்த வழக்கத்தை எல்லா நாள்களுக்கும் கொண்டுவரலாம்: கீரை மசியல் என்றால் ஒரு துண்டு நெல்லிக்காய்; பருப்போடு செய்த கீரை என்றால் அடுப்பை விட்டு இறக்கிய பிறகு சில துளி எலுமிச்சைச் சாறு. கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி பெருமளவு அழிந்துவிடும். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேநீரும் காபியும் வேண்டாம். கல்லூரியிலிருந்து வரும் மகள் பசியோடு டிபனையும் காபியையும் ஒன்றாகக் கேட்டாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நம் பக்கத்து மண்டியும் இவ்வகையில் நல்ல உணவு. அரிசி கழுவிய நீரில் புளி கரைத்து வெண்டைக்காயும் மொச்சையும் சேர்த்துச் செய்யும்போது, காய், பயறு, புளிப்பு மூன்றும் ஒரே சட்டியில் கூடுகின்றன. அதைப் பழைய இரும்புச் சட்டியில் செய்தால் புளிப்பினால் சட்டியின் இரும்பும் சிறிதளவு உணவில் இறங்கும். சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். கீரையை அலசிய பின் நறுக்குங்கள். நறுக்கிய பின் அலசினால் நீரில் கரையும் சத்துகள் போய்விடும். பச்சை நிறத்துக்காகச் சோடா உப்பு போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

உங்களுடைய உதிரப்போக்கைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. ஓர் ஆண்டாக அதிகமாகப் போகிறது என்றால் கருப்பையில் கட்டி உள்ளதா, தைராய்டு அளவு சரியாக இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்; நீங்களும் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வாழைப்பூவைத் துவட்டலாகவோ பருப்போடு உசிலியாகவோ தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது போக்கை நிறுத்தும் என்று நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மாமியாருக்கு வேண்டியது முதலில் கால்சியம். பாலக்கீரையிலும் தண்டுக்கீரையிலும் ஆக்சலேட் மிகுதி என்பதால் அவற்றிலுள்ள கால்சியம் உடலுக்குச் சரியாகக் கிடைப்பதில்லை. முருங்கைக்கீரையோடு கேழ்வரகு, எள், மோர் ஆகியவை அவர் உணவில் இருக்கட்டும். கோடையில் காய் கிடைக்காத நாள்களில் நம் வீடுகளுக்குக் கைகொடுக்கும் சுண்டைக்காய் வற்றல், சீனியவரை வற்றல், மணத்தக்காளி வற்றல் ஆகியவற்றில் தாதுச்சத்துகள் தங்கியிருந்தாலும் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும், உப்பும் கூடுதல். இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அவற்றை அரிதாகவே பரிமாறுங்கள். பச்சைச் சுண்டைக்காயும் பச்சைச் சீனியவரையும் கிடைக்கும் காலத்தில் அவற்றையே வாங்குங்கள். பறங்கிக்காய், அவரை, புடலை ஆகியவை மூவருக்குமே நல்லவை; அவற்றைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அளவையும் சொல்லிவிடுகிறேன். காயும் பழமும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிழங்குகள் இதில் சேரா. வீட்டில் எல்லாருக்கும் பரிமாறி முடித்துச் சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிடும் பெண்ணுக்கு இதில் கால் பங்குகூடக் கிடைப்பதில்லை. எத்தனையோ வீடுகளில் கண்டதால் சொல்கிறேன்: சமைத்து இறக்கியவுடன் உங்கள் பங்கையும் மகளின் பங்கையும் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு அதன் பிறகு பரிமாறுங்கள். மாமியாரிடமும் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரத்தம் குறைந்த பேத்திக்காக என்றால் அவரே முன்னின்று செய்வார்.

முட்டைக்கோஸை நீங்கள் சாப்பிடலாம். அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீட்டில், வேகவைத்த கோஸும் காலிஃபிளவரும் வழக்கமான அளவில் தைராய்டைக் கெடுப்பதில்லை. பச்சைச் சாறாக நாள்தோறும் குடிப்பதை மட்டும் தவிருங்கள். உங்களுக்கும் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தால், காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதை மறவாதீர்கள். மதிய உணவுக்குப் பிறகு, மோர் குடிக்காத நேரமாகப் பார்த்து, எலுமிச்சைச் சாற்றோடு அதை எடுத்துக்கொள்ளலாம்.